நிரலாளரின் நினைவேடு

பழைய ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் எல்லாரும் ஒரு தன்மையினர் அல்லர். சிலர் மூலத்தில் உள்ளதை உள்ளவாறே எழுதினர். சிலர் பொருள் விளங்காத இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லைப் பெய்தனர். சிலர் கைதவறி ஓரெழுத்தை விட்டனர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றியபோது, ஒன்றோடொன்று ஒவ்வாத ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணியவேண்டியிருந்தது. எப்பாடம் முந்தியது, எது பிந்தியது, மாற்றியவர் யார், என்ன கருதி மாற்றினார் என்ற வினாக்களுக்கு ஏடுகள் விடை கூறா. பதிப்பாசிரியர் தம் புலமையையும் பொறுமையையும் துணையாகக் கொண்டு தாமே விடை காண வேண்டும்.

கணினிக்கு எழுதப்படும் நிரலும் ஒருவகை ஏடேயாகும். இதனைச் செய்க, இன்னது நேர்ந்தால் அதனைச் செய்க என வரிவரியாக வகுத்தெழுதிய கட்டளைத் தொகுதியே நிரல் எனப்படும். அதனை ஒருவர் ஒருமுறை எழுதி முடித்துக் கட்டிவைப்பதில்லை. பிழை காணுந்தோறும் திருத்துவர். தேவை வளருந்தோறும் விரிப்பர். ஓலையில் ஓரெழுத்துப் பிழைத்தால் கற்றோர் ஊகித்துணர்வர். கணினியோ எழுதியபடியே செய்யும். ஒரு குறி தவறினும் கணக்கு முழுவதும் தவறும். ஆதலால், எதை மாற்றினர், எப்போது மாற்றினர், யார் மாற்றினர், ஏன் மாற்றினர் என்னும் நான்கையும் மாற்றந்தோறும் குறித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டியதாயிற்று. அதற்கு இக்காலத்தார் இட்ட பெயர் பதிப்புக் கட்டுப்பாடு என்பது.

இவ்வேற்பாட்டை அறியாதவர் என்ன செய்வர் என்பதைக் கணினியிற் கட்டுரை எழுதிப் பழகிய நேயர்கள் நன்கறிவர். முதலில் ‘அறிக்கை’ என்றொரு கோப்பு இருக்கும். அடுத்த நாள் ‘அறிக்கை புதியது’ தோன்றும். பின்னர் ‘அறிக்கை இறுதி’, அதன்பின் ‘அறிக்கை மெய்யான இறுதி’ என வரிசை நீளும். ஒரு திங்கள் கழிந்தபின் இவற்றுள் எது சரியானது என்று எழுதியவரே திகைப்பர். ஒருவர் எழுதும் அறிக்கைக்கே இந்நிலையானால், ஆயிரக்கணக்கானோர் கூடி எழுதும் நிரலின் நிலை என்னாகும்? லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருநிரல் மட்டும் 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. ஏறத்தாழ இரண்டு திங்களுக்கு ஒருமுறை வெளிவரும் அதன் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் சுமார் 2000 பேரின் கைபடுகிறது. அவர்களுள் பெரும்பாலார் ஒருவரை ஒருவர் நேரிற் கண்டவருமல்லர்.

இதற்கான முதற்கருவிகளுள் ஒன்றை 1972ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரொக்கைண்ட் என்பவர் ஆக்கினார். ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகப் படியெடுத்து வைக்காமல், முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சேர்த்துவைப்பது அவர் கண்ட வழி. அடுத்த பத்தாண்டில் எழுந்த கருவிகள் இம்முறையைச் செப்பஞ்செய்தன. எனினும் ஓர் இடர் இருந்தது. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அது பூட்டப்படும். அவர் விடுவிக்கும் வரை பிறர் தொடலாகாது. பூட்டியவர் விடுமுறையிற் சென்றுவிட்டால் மற்றவர் கைகட்டி இருக்கவேண்டியதே. நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரிலே, டிக் குரூனே என்னும் ஆசிரியரும் அவர்தம் மாணாக்கர் இருவரும் ஒரு நிரலைச் சேர்ந்தெழுதினர். மூவரும் பணியாற்றும் நேரம் வெவ்வேறாகையால் பூட்டுமுறை அவர்களுக்கு ஒத்துவரவில்லை. எல்லாரும் ஒரே காலத்தில் திருத்துக, பின்னர் ஒன்றாக்கிக்கொள்க என்ற கொள்கையில் 1986இல் குரூனே வெளியிட்டதே சீவிஎஸ் என்னும் கருவி. பூட்டை நீக்கியது சிறு காரியம் போலத் தோன்றும். ஆயினும், பின்வந்த கூட்டுழைப்புக்கெல்லாம் அதுவே அடிப்படை.

இன்று பெருவழக்காயுள்ள கருவி கிட் என்பது. அதன் இயல்பை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். நீர்க்கட்டணம் கணக்கிடும் சிறு நிரலொன்றை ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்க. கோப்புகள் உள்ள இடத்தில் ‘கிட் இனிட்’ என்று ஒரு கட்டளை இட்டவுடன் அங்கே ஒரு களஞ்சியம் உண்டாகும். நிரலை எழுதியபின் ‘கிட் அட்’ என்னும் கட்டளையால், பதிவிற் சேரவேண்டிய கோப்புகளைத் தெரிந்து ஒருபுறம் ஒதுக்குவார். ஐந்து கோப்புகளைத் திருத்தியிருந்தாலும், ஒரே நோக்கத்திற்குரிய இரண்டை மட்டும் ஒதுக்கலாம். பின்னர் ‘கிட் கமிட்’ என்றால் அவை களஞ்சியத்தில் பதிவாகும். அப்போது கருவி ஒரு குறிப்பு எழுதும்படி கேட்கும்.

தொடக்கநிலையினர் பெரும்பாலும் வழுக்கும் இடம் இக்குறிப்பே. ‘திருத்தம்’ என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டு அப்பாற் செல்வர். திருத்தம் என்பது கருவிக்கே தெரியும். எவ்வரி நீங்கியது, எவ்வரி சேர்ந்தது என்பதை அது எழுத்தெழுத்தாகக் காட்டவல்லது. எழுதியவர் பெயரையும் நேரத்தையும் அது தானே குறித்துக்கொள்ளும். ஏன் என்பதொன்றைத்தான் அது அறியாது. ‘ஒரு திங்களில் நீரே பயன்படுத்தாத வீட்டுக்கு நிலையான கட்டணம் விடுபட்டது, அதனைச் சேர்த்தது’ என்று ஒரு வரி எழுதிவைத்தால், மூன்றாண்டு கழித்து அவ்விடத்தைப் பார்க்கும் வேறொருவர், இவ்வரி எதற்கு என்று ஐயுற்று அழித்துவிடமாட்டார்.

அடுத்து அறியவேண்டியது கிளை. கட்டண முறையையே மாற்றிப் பார்க்க வேண்டுமென ஒருவர் விரும்பலாம். ஆனால் நடைமுறையில் உள்ள நிரல் அதனாற் கெடலாகாது. ஆகவே களஞ்சியத்தில் ஒரு கிளை பிரித்து, அதிலே தம் சோதனைகளைச் செய்வார். முதன்மைக் கிளை தன்பாட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். சோதனை பயன்தந்தால் இரண்டையும் இணைப்பார். பயன்தராவிடின் கிளையை விட்டுவிடுவார். இணைக்கும்போது வெவ்வேறிடத்து மாற்றங்களைக் கிட் தானே சேர்த்துவிடும். ஒருவர் நிலையான கட்டணத்தை 100 ரூபாவிலிருந்து 120 ஆக்க, மற்றவர் அதே வரியை 150 ஆக்கியிருப்பின், எது சரி என்று தீர்ப்பது கருவியின் வேலையன்று. அது இரண்டு பாடத்தையும் கோப்பிலே அடுத்தடுத்து எழுதும். மேலும் கீழும் ஏழேழு கூர்க்குறிகளும் இடையிலே ஏழு சமக்குறிகளும் இட்டு நிறுத்திவிடும். புதிதாகக் கற்போர் இக்குறிகளைக் கண்டு ஏதோ கெட்டுவிட்டதென்று அஞ்சுவதுண்டு. கெட்டது ஒன்றுமில்லை, பாடபேதம் கண்டவிடத்துப் பதிப்பாசிரியரை அழைப்பது போன்றதே அது. உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று. இரு மாற்றங்கள் வெவ்வேறு வரிகளில் இருப்பதால் முரணின்றி இணைந்துவிடும். ஆனால் பொருளளவில் ஒன்றையொன்று கெடுத்திருக்கும். ஒருவர் நீரின் அளவை லீற்றரிலிருந்து கன மீற்றருக்கு மாற்றியிருக்க, மற்றவர் லீற்றர் என்றே எண்ணி வேறிடத்தில் ஒரு கணக்குச் சேர்த்திருந்தால், கருவி வாய்திறவாது.

கிட் தோன்றிய வரலாறு லினக்ஸின் வரலாற்றோடு பிணைந்தது. 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்நிரலுக்கு, முதற் பத்தாண்டில் திருத்தங்கள் மின்னஞ்சலிலேயே வந்துசேர்ந்தன. அவர் அவற்றைத் தம் கையாற் சேர்த்துவந்தார். பளு மிகவே, 2002இல் பிட்கீப்பர் என்னும் வணிகக் கருவியைச் சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாயினர். அதனை விரும்பாதோருக்காக, அதே நிரலின் ஒரு படி சீவிஎஸ் முறையிலும் வைக்கப்பட்டது.

2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அச்சீவிஎஸ் படியிலே இரண்டு வரிகள் புதிதாகத் தோன்றின. அவை பார்வைக்கு ஒரு சாதாரணச் சோதனை போலிருந்தன. அழைப்பவரின் அடையாள எண் பூச்சியமா என்று பார்ப்பது அவற்றின் நோக்கம் என்றே எவரும் கருதுவர். பூச்சியம் என்பது கணினியின் முழு அதிகாரமும் உடையவருக்குரிய எண். அந்நிரல்மொழியில் இரண்டு சமக்குறிகள் இட்டால் ஒப்பிடுக என்று பொருள். ஒற்றைச் சமக்குறி இட்டால் ஆக்குக என்று பொருள். அவ்விடத்தில் இருந்தது ஒற்றைக் குறி. எனவே, குறித்ததொரு முறையில் அந்நிரலை அழைப்பவர் எவராயினும் அவருக்கு முழு அதிகாரமும் வாய்த்துவிடும். ஒரு குறியைக் குறைத்துக் கோட்டையின் பின்வாயிலைத் திறந்துவிட்டார் ஒருவர். அவர் யாரென்பது வெளிப்படவில்லை; மாற்றத்தின்மீது எழுதியிருந்ததோ வேறொருவர் பெயர்.

அது பிடிபட்ட விதம் கவனிக்கத்தக்கது. சீவிஎஸ் படியில் உள்ள ஒவ்வொரு மாற்றமும் பிட்கீப்பர் மூலத்திலுள்ள ஒரு பதிவினைச் சுட்டவேண்டும். இவ்விரண்டு வரிகளும் எந்தப் பதிவையும் சுட்டவில்லை. வேலியைத் தாண்டி வந்த ஆடு குறிச்சூடு இன்மையால் அகப்பட்டது போல, வரலாறு இன்மையால் அவை அகப்பட்டன. மூலத்திலே அவை ஏறவேயில்லை.

2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச உரிமை முடிவுக்கு வந்தது. அக்கருவியின் செய்திமுறையை வெளியிலிருந்து ஆராய்ந்தறிய ஒருவர் முயன்றமையே அப்பிணக்கிற்குக் காரணம். மாற்றுக் கருவிகள் எவையும் போதிய விரைவுடையனவாக டோர்வால்ட்ஸுக்குத் தோன்றவில்லை. தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 3ஆம் நாள் தொடங்கிய வேலை. 7ஆம் நாள் கிட் தன் சொந்த நிரலின் வரலாற்றையே தான் பேணத் தலைப்பட்டது. ஜூன் மாதத்தில் லினக்ஸின் புதிய வெளியீடு அதனைக்கொண்டே நிகழ்ந்தது. ஜூலையில் அக்கருவியைப் பேணும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் அவர் ஒப்படைத்தார். ‘கிட்’ என்பது ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஒருவரை இகழும் சொல். தம் ஆக்கங்களுக்கெல்லாம் தம் பெயரையே இடுவதாக டோர்வால்ட்ஸ் அதுபற்றி வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

இக்கருவியின் சிறப்பு இரண்டு. ஒன்று, களஞ்சியத்திற்கு ஒரே இருப்பிடம் என்பதில்லை. படியெடுப்பவர் ஒவ்வொருவரும் வழமையாக முழு வரலாற்றையுமே எடுத்துச் செல்வர். இணையத் தொடர்பு அற்ற இடத்திலும் தம் பணியைப் பதிந்துகொள்வர். மற்றது முத்திரை எண். ஒவ்வொரு பதிவின் உள்ளடக்கத்தையும் கணிதமுறையிற் பிழிந்து 40 குறிகள் கொண்ட ஓர் எண்ணைக் கிட் பெறுகிறது. உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினும் அவ்வெண் அடையாளந் தெரியாது மாறிவிடும். இதனினும் நுட்பமானது, ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் முத்திரையைத் தன்னுள் அடக்கியிருப்பது. ஆகவே பழைய பதிவொன்றைக் கள்ளத்தனமாகத் திருத்தினால், அதன்பின் வந்த எல்லாப் பதிவுகளின் எண்களும் மாறவேண்டியதாகும். உலகெங்கும் உள்ள படிகளோடு அவை ஒவ்வா. 2017ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர் இம்முத்திரை முறையின் கணிதத்தில் உள்ள நலிவினைச் செயலிற் காட்டினர். அதன்பின் அத்தகைய தாக்குதலைக் கண்டறியும் காவல் கிட்டிற் சேர்க்கப்பட்டது. நீண்ட புதிய முத்திரைக்கும் வழி செய்யப்பட்டது.

கிட் ஒருவர் கணினியில் இயங்கும் கருவி. பலர் கூடுதற்கு ஒரு பொதுமன்றம் வேண்டும். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய கிட்ஹப், 2011இல் எழுந்த கிட்லாப் முதலியன அத்தகைய மன்றங்கள். கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 750 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கியது. இங்கே வழங்கும் முறை எளியது. முன்பின் அறியாத ஒருவர் ஒரு நிரலிற் பிழை கண்டால், அதன் களஞ்சியத்தைத் தம் கணக்கிலே படியெடுத்துக்கொள்வார். தனிக்கிளையில் திருத்திப் பதிவார். பின்னர், இதனை ஏற்றுக்கொள்க என்று உரியவருக்கு விண்ணப்பிப்பார். ‘புல் ரிக்வெஸ்ட்’ என்று அதனை வழங்குவர். உரியவர் மாற்றத்தை வரிவரியாகப் பார்த்து, இது ஏன், அது எதற்கு என்று அவ்வவ் வரியின் கீழேயே வினவுவார். விடை தகுமாயின் இணைப்பார், தகாவிடின் மறுப்பார். மூல நிரலைத் தொடும் உரிமை யாதும் இல்லாத ஒருவர், அதனைத் திருத்தும் வழியைப் பெறுவது இங்ஙனமே. புதியவர் ஒருவர் எழுத்துப்பிழை திருத்துவது, விளக்கவுரையைத் தமிழாக்குவது போன்ற சிறு பணியிலே தொடங்குவது நன்று. மறுப்பு வந்தாலும் மனம் நோகாது, முறையும் பழகும்.

மூல நிரலை யாவருக்கும் திறந்துவைப்பதன் பயனை இலங்கையர் அருகிருந்து கண்டதுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து கரையூர்களை அழித்தபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் கணக்கிட, இந்நாட்டு நிரலாளர் தொண்டர்களாகக் கூடி ‘சஹானா’ என்னும் மென்பொருளை எழுதினர். அது திறந்த நிரலாக இருந்தமையால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் எடுத்தாளப்பட்டது. பிற நாட்டார் பலர் அதனை மேலும் வளர்த்தனர்.

மன்றம் வேறு, கிட் வேறு என்பதைப் புதியவர்கள் மறத்தலாகாது. 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், ஒரு கணினியில் இடவேண்டிய அழிப்புக் கட்டளையைத் தவறுதலாக மற்றொன்றில் இட்டார். காப்புப் படிகளும் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்து உரையாடல்களும் விண்ணப்பங்களும் அழிந்தன. நிரற் களஞ்சியங்கள் வேறிடத்தில் இருந்தமையால் தப்பின. அந்நிறுவனம் நடந்ததை மறையாது எழுதி வெளியிட்டது பாராட்டற்குரியது. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கடவுச்சொல்லை நிரலோடு சேர்த்துப் பதிந்துவிட்டு, அடுத்த பதிவில் அழித்துவிட்டேன் என்று அமைதியடைவோர் உளர். அழித்தது இன்றைய ஏட்டில் மட்டுமே. நேற்றைய ஏடு களஞ்சியத்தில் அப்படியே கிடக்கும். அத்தகைய வேளையில் கடவுச்சொல்லையே உடனே மாற்றவேண்டும்.

கிட் காட்டும் பெயர், எழுதுபவர் தாமே இட்டுக்கொள்ளும் பெயர். அது மெய்ப்பெயரா என்று கருவி ஆராய்வதில்லை. இக்குறையின் ஆழம் 2024ஆம் ஆண்டில் புலனாயிற்று. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். எண்ணிறந்த லினக்ஸ் கணினிகளில் உள்ளது. நெடுங்காலம் ஒருவரே அதனைத் தம் ஓய்வு நேரத்திற் பேணிவந்தார். 2021 முதல் புனைபெயருடைய ஒருவர் நல்ல திருத்தங்கள் பலவற்றை அனுப்பி உதவினார். வேலை மெதுவாக நடக்கிறதென்று வேறு சில பெயர்களில் வந்தோர் பேணுபவரை நெருக்கினர். களைத்திருந்த அவர், உதவியவருக்கே பொறுப்பிற் பங்கு கொடுத்தார். 2024இன் தொடக்கத்தில், அப்புனைபெயரினர் வெளியிட்ட பதிப்புகளிலே ஒரு கள்ளவாயில் அமைந்திருந்தது.

அண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியில் தொலைநுழைவு வழமையினும் அரை நொடி தாமதிப்பதைக் கண்டு, அதன் காரணத்தைத் துருவிச் சென்று இதனை வெளிப்படுத்தினார். மார்ச் 29ஆம் நாள் அச்செய்தி உலகறிந்தது. பெரும்பாலான கணினிகளுக்கு அப்பதிப்பு சென்றுசேருமுன் அது தடுக்கப்பட்டது. தீங்கின் ஒருபகுதி, சோதனைக் கோப்பு என்ற போர்வையில் களஞ்சியத்திலேயே எல்லார் கண்முன்னும் கிடந்தது. மனிதர் படிக்கவியலாத வடிவில் இருந்தமையால் எவரும் படிக்கவில்லை. அதனை எழுப்பிவிடும் சிறு கட்டளையோ களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டி அனுப்பிய பொதியில் மட்டுமே அது இருந்தது. 2003இல் சீவிஎஸ் படியை மூலத்தோடு ஒப்பிட்டதுபோல, இப்பொதியைக் களஞ்சியத்தோடு ஒப்பிடும் வழக்கம் அன்று இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின், மென்பொருள்களைத் தொகுத்து வழங்குவோரிடையே, பிறர் கட்டித்தந்த பொதியை அப்படியே ஏற்காமல் களஞ்சியத்திலிருந்து தாமே கட்டிக்கொள்ளவேண்டும் என்ற கருத்து வலுவடைந்தது.